மூன்றாவது முகாமுக்குப் போன வாளிகள்

என் மனைவியைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அவளுக்கு மூன்றாவது கொட்டேஷன். எனக்கு முன்னால் இரண்டு வரன்களைப் பார்த்திருந்தாள். ஒருவர் என்னைவிட உயரம், இன்னொருவர் என்னைவிடப் படிப்பு. "மூணு பேர்ல கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள். அவள் என்ன கேட்டாள் என்றே அன்று எனக்குப் புரியவில்லை. "தெரியாது" என்றேன். கல்யாணம் முடிவாகிவிட்டது.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு எதுவும் சட்டுபுட்டென்று நடக்க வேண்டும். அவளுக்கு எதுவும் முறையாக நடக்க வேண்டும். இந்த லட்சணத்தில் இருபத்துநாலு வருடம் ஓடிவிட்டது.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் விளக்குவதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். போரிலோ வெள்ளத்திலோ ஒரு நாடு நிலைகுலைந்து போகிறது. ஜனங்கள் முகாம்களில் கிடக்கிறார்கள். கூடாரம் வேண்டும், மருந்து வேண்டும், போர்வை வேண்டும். உதவ உலகத்தில் ஆள் இருக்கிறார்கள். ஆனால் என்ன வாங்குவது, யாரிடம் வாங்குவது, சரக்கு சரியாக இருக்கிறதா, எந்தக் கப்பலில் ஏற்றுவது, என்றைக்குள் போய்ச் சேர வேண்டும் என்றெல்லாம் பார்க்க வேண்டிய அலுவலகங்களே அங்கே இடிந்து கிடக்கும். அந்த வேலையை இங்கிருந்து அவர்களுக்காகச் செய்து கொடுப்பது இவளுடைய அலுவலகம். மூன்றாவது மாடியில் ஏழு மேசைகள், ஒரு பழைய ஏசி, சுவர் முழுக்க எந்தச் சரக்கு எங்கே நிற்கிறது என்று காட்டும் அட்டவணை. எதற்கும் மூன்று பேரிடம் விலை கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டாள் என்பதால் அங்கே அவளுக்கு 'மூணு கொட்டேஷன் மேடம்' என்று பெயர்.

"அங்க ஜனங்க தவிச்சிட்டிருக்காங்க, இங்க நீ மூணு பேர்ட்ட விலை கேட்டுட்டிருக்கியே" என்று ஒரு தடவை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அவசரம் அவசரம்னு எல்லாரும் கத்துற நேரத்துலதாங்க ஓட்டை வாளியை நல்ல வாளின்னு தலையில கட்டுவாங்க" என்றாள். "அது அங்க போய் இறங்கினப்புறம் ஓட்டைன்னு தெரிஞ்சா, யார் போய் மாத்திக் குடுக்கிறது?"

வீட்டிலும் இதே கறார்தான். எங்கள் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனபோது புதிதாக என்ன வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி, மூன்று கடைக்கு அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்தாள். ஒன்பது நாள் பால் திரிந்துகொண்டே இருந்தது. கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள், "அம்மா, நான் யாரையாவது லவ் பண்ணினா இன்னும் ரெண்டு பேரையும் சேர்த்துப் பண்ணணுமா?" என்று கேட்டாள். இவள் சிரிக்கவே இல்லை. யோசிப்பதுபோல் இருந்தது, எனக்கே பயமாகிவிட்டது.

அந்த வருடம் அவள் மேசைக்கு வந்தது ஒரு போர் நாட்டின் வேலை. துறைமுகத்தை ஒட்டி ஒரு கிடங்கு, அங்கிருந்து பிரித்துக் கொடுக்க மூன்று முகாம்கள், முகாமுக்கு ஆறாயிரம் குடும்பங்கள். அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெண் தினமும் காலை பதினொரு மணிக்குப் போன் செய்வாள். அதனால் எங்கள் வீட்டில் அவள் பெயரே 'பதினொரு மணி' என்றாகிவிட்டது. "பதினொரு மணி இன்னிக்கு என்ன சொன்னா?" என்றுதான் மகள் கேட்பாள். இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மூன்றாவது மொழியில் பேசிக்கொள்வார்கள். சொந்த விஷயம் பேசக்கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். "பழகிட்டா அவளுக்குன்னு ஏதாவது செய்யத் தோணும். தோணவே கூடாது" என்பாள். அந்தப் பெண் துறைமுகத்திலேயே எங்கோ குடியிருக்கிறாள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம். வேறெதுவும் தெரியாது.

மழைக்காலம் தொடங்கியதும் முகாம்களில் வயிற்றுப்போக்கு பரவியது. ஜனங்கள் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஆளுக்கு ஆள் கையை விட்டு அள்ளிக் குடித்தார்கள். மூடியும் குழாயும் உள்ள வாளி இருந்தால் யாரும் கையை விட வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஒன்றாகப் பதினெட்டாயிரம் வாளி வேண்டும் என்று கேட்டாள் பதினொரு மணி. அன்றிலிருந்து தினமும் என் மனைவி கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "இன்னிக்கு எத்தனை பேர்?" மருத்துவக் கூடாரத்தில் படுத்திருப்பவர்களின் எண்ணிக்கையை முகாம் வாரியாக அவள் சொல்ல, இவள் எழுதிக்கொள்வாள்.

ஒரு வாளியைப் பற்றி ஒன்பது பக்கம் எழுத முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எத்தனை லிட்டர், கைப்பிடி எவ்வளவு தடிமன், மூடி எப்படி இறுக வேண்டும், குழாய் அடியிலிருந்து எத்தனை விரல் உயரத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாம் எழுதினாள். அதைப் படித்துவிட்டு, "எங்க நாட்டுல சட்டம் எழுதினப்போகூட இவ்வளவு யோசிக்கல" என்றாளாம் பதினொரு மணி. மூன்று கொட்டேஷன் வாங்கி, தேறிய ஆலையிலிருந்து ஒரு மாதிரி வாளி வந்தது. அதை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். நிரப்பி, மொட்டை மாடியிலிருந்து மூன்று தடவை கீழே போட்டாள். கீழ் வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று வெளியே ஓடி வந்தார். மகளை மூடிமேல் உட்காரச் சொன்னாள். "என்னைப் பெத்தது இதுக்குத்தானா?" என்றபடி அவள் உட்கார்ந்து செல்போன் பார்த்தாள். குழாயைத் திறந்து, ஒரு தம்ளர் நிரம்ப எட்டு நொடி என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டபோது இவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாண போட்டோவில்கூடக் கிடையாது. மறுநாளே ஆர்டரில் கையெழுத்துப் போட்டாள். கடைசி வரியாக, 'சரக்கு இந்த மாதிரியைப் போலவே இருக்க வேண்டும்' என்று எழுதினாள்.

சரக்கு தயார் என்று ஒரு திங்கட்கிழமை தகவல் வந்தது. புதன்கிழமை நண்பகலுக்குள் கன்டெய்னர்களைப் பூட்டி அனுப்பினால் வியாழக்கிழமைக் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் ஆகும். மூன்று கன்டெய்னருக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள், முகாமுக்கு ஒன்று. சரக்கைச் சரிபார்க்க அவளை நான்தான் என் ஸ்கூல் காரில் ஆலைக்குக் கூட்டிப் போனேன்.

இரண்டே கொட்டகை உள்ள சின்ன ஆலை. சூடான பிளாஸ்டிக் வாசனை. கூரை வரைக்கும் நீல வாளிகள். ஆலை முதலாளி, நாங்கள் வைத்த பெயர் வாளிக்காரர், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோல் வாசலுக்கே வந்தார்.

"ஒரு சொட்டு ஒழுகாது மேடம். நீங்க பார்த்துச் சரின்னு சொன்ன அந்த மாதிரி வாளியைப் போலவேதான். பதினெட்டாயிரத்துக்கும் குழாயை மாட்டி, நானே நின்னு ஸ்பானரால இறுக்க வெச்சிருக்கேன்."

என் மனைவி பேயறைந்தவள்போல் நின்றாள். பிறகு ஒரு வாளியை எடுத்து இன்னொரு வாளிக்குள் விட்டாள். குழாய் இடித்தது. வாளி உள்ளே இறங்கவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாச்சு? நல்லாத்தானே இருக்கு?"

"குழாய் இல்லாட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கலாங்க. ஆறாயிரம் வாளி ஒரே கன்டெய்னர்ல போயிடும். குழாய் மாட்டினா அடுக்க முடியாது. ரெண்டாயிரம்தான் போகும்." குரல் இறங்கிவிட்டது. "குழாயை மாட்டாம, தனியா கட்டி அனுப்பணும்னு ஒரு வரி எழுதுவேன். எப்பவும் எழுதுவேன். இந்தத் தடவை எழுதல."

மாதிரி வாளி குழாய் மாட்டித்தான் வந்தது. அது ஒழுகுகிறதா என்று பார்த்த மும்முரத்தில் அந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. ஒன்பது பக்கம் எழுதுகிறவளால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு. நானாக இருந்தால் 'பதினெட்டாயிரம் வாளி' என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன், வாளிக்காரர் போன் செய்து நூறு சந்தேகம் கேட்டிருப்பார். நல்லவேளை, இதை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேறு வழியில்லை, கழற்ற வேண்டியதுதான். வாளிக்காரர் அத்தனை அக்கறையாக முறுக்கியிருந்தார். உள்ளே கையை விட்டு ஸ்பானரால் நட்டைத் திருகி, வாஷரைத் தொலைக்காமல் எடுத்துக் குழாயை உருவ ஒரு வாளிக்கு நாலு நிமிடம் ஆயிற்று. ஆலையில் இருபது பேர். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தத் தொழிற்பேட்டையில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். இவள் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். இருபது பேர் போதாது, இன்னொரு ஐம்பது பேராவது வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுடைய அலுவலகமே ஆலைக்கு வந்துவிட்டது. மகள் தோழிகளோடு வந்தாள். நான் என் மாணவர்களுக்குப் போன் செய்து, "இன்னிக்கு நெடுஞ்சாலைப் பயிற்சி" என்று மட்டும் சொல்லி ஆளை ஏற்றிக்கொண்டேன். அவர்களே ஓட்டி வந்தார்கள். வழியில் மூன்று தடவை வண்டி நின்றது, ஒரு தடவை நடைபாதையில் ஏறியது. ஆலை வாசலில் இறங்கச் சொல்லி, கையில் ஆளுக்கொரு ஸ்பானரைக் கொடுத்தேன். என்னிடம் வண்டி பழகும் வங்கிக்கார அம்மா என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விஷயத்தைச் சொன்னதும் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். என்னிடம் ஆறு மாதமாக ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் திணறிய பல் டாக்டர்தான் அன்றைக்கு எல்லாரையும் முந்தினார். நிமிடத்துக்கு ஒன்று உருவிப் போட்டார்.

"எப்படி டாக்டர்?" என்றேன்.

"தினமும் பண்றதுதானே மாஸ்டர்? இதுங்க வலிக்குதுன்னு கத்துறதில்ல, அதான் வேகமா வருது."

பத்து மணிக்கு மனைவியின் மேலதிகாரி இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். அவளைத் தனியே அழைத்தார். தனியே என்றாலும் எனக்குக் கேட்கிற தூரம்தான்.

"குழாயை மாட்டித்தான் அனுப்பணும்னு நாம எங்கயும் எழுதலியே. தாமதத்துக்கு ஆலைதான் காரணம்னு ஃபைல்ல எழுதிடுங்க. நமக்கு எந்தப் பிரச்சினையும் வராது."

"ஆலையைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுடுவாங்க சார். அப்புறம் அவருக்கு யாரும் ஆர்டர் தர மாட்டாங்க."

"உங்க பேர் கெடுமேம்மா. இத்தனை வருஷத்துல ஒரு தப்புகூட இல்லாத ஃபைல் உங்களோடது."

"மாதிரி வாளியைப் போலவே வேணும்னு கையெழுத்துப் போட்டது நான். நேத்தே எழுதிட்டேன் சார், தப்பு என்னுதுன்னு." பக்கத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்து நீட்டினாள். "நீங்களும் உக்காருங்க சார். ஆள் பத்தல."

அவர் ஸ்பானரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷப் பேரை ஒரு வாளிக்காரருக்காகத் தூக்கிக் கொடுக்கிறாளே என்று. கொஞ்ச தூரத்தில் அந்த வாளிக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

செவ்வாய் மாலைக்குள் எல்லாருடைய விரல்களும் வீங்கிவிட்டன. எத்தனை வேகமாகக் கழற்றினாலும் புதன் நண்பகலுக்குள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் முடியாது என்பது தெரிந்துபோயிற்று. இரண்டு முகாமுக்குத்தான் போகும். ஒரு முகாம் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆலையிலிருந்தபடியே அந்தப் பெண்ணிடம் பேசினாள். இரண்டு கையிலும் வாளி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். எனக்கும் அந்த மொழி ஓரளவு காதில் விழுந்து பழகியிருந்தது. அவர்கள் பேசியதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"இன்னிக்கு எத்தனை பேர்?"

"முதல் முகாம் அறுபத்தொண்ணு. ரெண்டாவது நாப்பத்தெட்டு. மூணாவது ஒம்பது."

இவள் நடந்ததைச் சொன்னாள். தன் தப்பு என்றும் சொன்னாள். "மூணாவது கன்டெய்னர்ல குழாய் மாட்டினபடியே ரெண்டாயிரம் வாளி அனுப்பட்டுமா?"

"வேணாம். ஆறாயிரம் குடும்பம் இருக்கிற இடத்துல ரெண்டாயிரம் வாளியை இறக்கினா அடிதடிதான் வரும். அந்த இடத்துல, அடுத்த கப்பலுக்குன்னு நீ வாங்கி வெச்சிருக்கிற சோப்பை ஏத்து, எல்லாருக்கும் ஆகும்."

"அப்ப எந்த முகாமை நிறுத்தட்டும்? நீதான் அங்க இருக்கே. நீ சொல்லு."

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன்.

"எண்ணிக்கைப்படி பார்த்தா மூணாவதுதான்" என்றாள் பதினொரு மணி. "மூணாவது காத்திருக்கட்டும்."

பன்னிரண்டு மணிக்கு இரண்டு கன்டெய்னர் வாளியும் ஒன்றில் சோப்புமாகப் பூட்டி முத்திரை வைத்து அனுப்பினோம். வாளிக்காரர் கடைசி லாரியின் பின்னால் தெருமுனை வரை ஓடினார், ஏன் ஓடினார் என்று அவருக்கே தெரியவில்லை. மாணவர்கள் அவரவர் வீட்டுக்குப் போகவே மறந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நட்டுக் கழற்றினதற்கும் ஒரு பயிற்சி வகுப்புக் கட்டணம் பிடிப்பீர்களா என்று பல் டாக்டர் கேட்டார். பிடித்துவிடலாம் என்றேன்.

நாலாம் நாள் சரக்கு போய்ச் சேர்ந்தது. குழாய் மாட்டும் வேலை முகாம் ஜனங்களுக்கே ஒரு திருவிழாவாகிவிட்டது என்றாள் பதினொரு மணி. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த கிழவர்களெல்லாம் யார் அதிகம் மாட்டினார்கள் என்று போட்டி போட்டுச் சண்டை பிடித்தார்களாம். முதல் முகாமின் எண் அறுபத்தொன்றிலிருந்து மெல்லக் கீழே வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது முகாமின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒன்பது, பதினேழு, இருபத்தெட்டு, நாற்பது. அந்த நாட்களில் இவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. "எல்லாரும் தப்புப் பண்றதுதானே" என்று சொல்லிப் பார்த்தேன். "நாப்பது பேர்ங்க" என்றாள்.

மீதி ஆறாயிரத்தின் குழாய்களையும் கழற்றி, அடுத்த கப்பலில் அனுப்பினாள். அதுவும் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆன ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளிலும் பதினொரு மணிக்குப் போன் வந்தது. இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தாள். நான் பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு எத்தனை பேர்?"

"மூணாவது முகாம்ல நாலே பேர்." குரல் என்றைக்கும் இல்லாமல் துள்ளியது. பின்னால் ஒரு குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருந்தது. "இரு, இவ கத்துறதுல எதுவும் கேக்கல. வாளி கிட்ட போனா போதும், நான்தான் குழாயைத் திறப்பேன்னு ஒரே அடம். படுத்துக் கிடந்தப்போ எவ்வளவு அமைதியா இருந்தா!"

"யாரு?"

"என் பொண்ணு. ஒம்பது வயசு."

என் மனைவியின் கை நின்றது. "படுத்துக் கிடந்தாளா? எங்க?"

"இங்கதான், மூணாவது முகாம்ல. எங்க வீடு இடிஞ்சு நாலு மாசமாச்சே. நான் காலையில கிடங்குக்குப் போயிடுவேன், இவ இங்க என் தங்கச்சிகூட இருப்பா. ஆறு நாள் படுத்துட்டா. ரெண்டு நாள் கண்ணே திறக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இப்ப எந்திரிச்சு என்னை ஆட்டி வைக்கிறா."

"தினமும் என்கூடப் பேசினியே. ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ எண்ணிக்கைதானே கேட்ட? சொன்னேனே. அந்த நாப்பதுல அவளும் இருந்தா."

குழந்தை போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். கடகடவென்று எங்களுக்குப் புரியாத மொழியில் என்னவோ சொன்னது, சிரித்தது, லைன் போய்விட்டது.

மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பொண்ணு பிழைச்சுட்டாளே, அதைப் பாரு என்றேன். தலையாட்டினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"அன்னிக்குத் தன் பொண்ணு மூணாவது முகாம்ல இருக்கான்னு மட்டும் அவ சொல்லியிருந்தா நான் அந்த முகாமுக்குத்தாங்க முதல்ல அனுப்பியிருப்பேன்" என்றாள். "முதல் முகாம்ல அறுபத்தொரு பேர் படுத்திருக்காங்கன்னு தெரிஞ்சும் அனுப்பியிருப்பேன். யார்கிட்டயும் கேட்டிருக்க மாட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது அவளுக்குத் தெரிஞ்சிருக்குங்க. அதான் சொல்லல."